ஹார்ட்டின் ஆறும் கர்த்தரின் சித்தமும்



இந்தச் சொற்பொழிவின் தலைப்பு சபை அறிவிப்பில் வந்ததும் மூத்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். விசுவாசத்துக்குப் பாடம் தேடச் சீட்டாட்ட மேசைக்கா போக வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். சீட்டால் கெட்ட குடும்பம் ஒன்றாவது இல்லாத தெரு நம் பக்கத்தில் கிடையாது. ஆகவே என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காசு வைத்து ஆடுவது கூடாது என்பதே என் கருத்து. திருவள்ளுவர் சூதுக்கென்று 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். அதில் முதலில் அவர் எச்சரிப்பது வெற்றியைப் பற்றித்தான். ஜெயித்து வந்த பொருளே தூண்டில் என்கிறார். ஜான் வெஸ்லி பணத்தைப் பயன்படுத்துவது பற்றிய பிரசங்கத்தில், அயலானின் உடைமைக்குச் சேதம் வராதபடி சம்பாதிக்கச் சொன்னார். சேதம் வரும் வழிகளில் சூதாட்டத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தார். போக்கருக்கு இது அப்படியே பொருந்தும். அந்த ஆட்டத்தில் எதிராளிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தாம். நாம் அள்ளுகிற ஒவ்வொரு ரூபாயும் பக்கத்தில் இருப்பவர் பையிலிருந்து வந்தது.

நம் மாநிலத்தில் இது எத்தனை பேரின் உயிர்ப் பிரச்சினையாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறி, அவற்றுக்கான தடையை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் எப்படித் தீர்த்தாலும், காலையில் கடன்காரன் கதவைத் தட்டும்போது அந்த வேறுபாடு யாருக்கும் உதவுவதில்லை.

இவ்வளவும் சொன்ன நான், நண்பர்கள் சிலரோடு சனிக்கிழமை மாலைகளில் போக்கர் ஆடுகிறேன். எங்கள் மேசையில் பணம் கிடையாது. கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைதான் பந்தயம். எழுந்து போகும்போது எல்லாக் கொட்டையும் ஒரே டப்பாவுக்குத் திரும்பிவிடும். அந்த மேசையில் நான் கற்றதையும், அமெரிக்காவில் ஒரு விசுவாசிக்கு நடந்ததையும் சேர்த்து உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஓரிரு வார்த்தை. இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அதை அவர் மட்டும் பார்க்கலாம். நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி விழும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் உள்ள இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் வைத்து நல்ல ஐந்து சீட்டு சேர்ப்பவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏறும். தொடரலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகலாம். என்ன சீட்டு வரும் என்பது ஆடுபவர் கையில் இல்லை. கடைசிச் சீட்டும் அவர் கையில் இல்லை. இடையில் எடுக்கும் தீர்மானம் மட்டுமே அவருடையது.

இனி லாஸ் வேகாஸுக்குப் போவோம். 2007 ஜூலை. போக்கரின் உலகத் தொடரில் முதன்மை ஆட்டம். 6,358 பேர் கலந்துகொண்டார்கள். கடைசியில் எஞ்சிய ஒன்பது பேரில் ஒருவர் ஜெர்ரி யாங். லாவோஸில் மாங் இனத்தில் பிறந்தவர். 1975-இல் அங்கே ஆட்சி மாறிய பிறகு, அமெரிக்கப் படைக்குத் துணைநின்ற மாங் மக்கள் வேட்டையாடப்பட்டார்கள். யாங்கின் குடும்பம் தப்பி ஓடி, தாய்லாந்தில் அகதி முகாமில் காலம் தள்ளி, பிறகு அமெரிக்கா சேர்ந்தது. அவர் உளவியல் படித்தார். வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகளுக்கான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன். போக்கர் ஆடத் தொடங்கி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 225 டாலர் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் வென்று அந்தப் பெரிய ஆட்டத்துக்குள் நுழைந்தவர்.

யாங் மறைக்காத கிறிஸ்தவர். அந்த இறுதி மேசையில், பெரிய பந்தயம் விழுந்து சீட்டுக்காகக் காத்திருந்த நேரங்களில், எழுந்து நின்று உரக்க ஜெபித்தார். தொலைக்காட்சியில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். சிலர் நெகிழ்ந்தார்கள், சிலர் எரிச்சல்பட்டார்கள். மேசைக்கு வரும்போது ஒன்பது பேரில் எட்டாம் இடத்தில் இருந்தவர், எட்டு எதிராளிகளில் ஏழு பேரைத் தம் கையாலேயே வெளியேற்றினார்.

கடைசியில் எதிரே இருந்தவர் டுவான் லாம். அவரும் வியட்நாமிலிருந்து அகதியாகப் புறப்பட்டு, கனடாவில் குடியேறியவர். கடைசி ஆட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். யாங் கையில் எட்டு ஜோடி. லாம் கையில் டைமனில் ஏஸும் ராணியும். நடுவில் ஒரு சீட்டுகூட விழாத நிலையில் லாம் தம்மிடம் இருந்த அத்தனையையும் முன்னே தள்ளினார். யாங் ஏற்றார். கணக்குப்படி ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு. எட்டு ஜோடிக்கு ஓர் இழை கூடுதல். இரண்டு பேரும் தவறாக ஆடவில்லை. அதற்குமேல் இருவருக்கும் செய்ய ஒன்றுமில்லை. இருவரும் எழுந்து நின்றார்கள்.

முதல் மூன்று சீட்டு: ராணி, ஒன்பது, ஐந்து. லாமுக்கு ராணி ஜோடி. அவர் வெகுதூரம் முன்னே போய்விட்டார். நான்காவது, ஏழு. இப்போது கட்டில் மீதி இருந்த 44 சீட்டில் யாங்கைக் காப்பாற்றக்கூடியவை ஆறே ஆறு: எஞ்சியிருந்த இரண்டு எட்டு, நான்கு ஆறு. மற்ற 38-ல் எது விழுந்தாலும் லாமின் ஆட்டம். விழுந்தது ஹார்ட்டின் ஆறு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசை முடிந்தது. யாங் 82.5 லட்சம் டாலர் வென்றார். அதில் பத்தில் ஒரு பங்கைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார். உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக்-எ-விஷ் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. அவருடைய கொடையை நான் உண்மையாகவே போற்றுகிறேன்.

ஆனால் என் மனம் அந்த ஆறில் நின்றுவிடுகிறது. யாங் ஜெபித்தார், ஆறு விழுந்தது. இதைச் சாட்சியாகச் சொல்லும்போது நாம் லாமை எங்கே வைக்கிறோம்? அவரும் அகதி. அவர் வீட்டிலும் யாராவது கை கூப்பியிருப்பார்கள். தேவன் யாங்குக்குப் பதில் கொடுத்தார் என்றால், அதே சீட்டால் லாமின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார் என்றும் சொல்லியாக வேண்டுமே. மேலும் பாருங்கள், 2013-ல் அதே யாங்கின் வெற்றிக் கைவளையம் வரிபாக்கிக்காக அமெரிக்க வருமான வரித்துறையால் ஏலத்துக்கு விடப்பட்டது. இதைச் சொல்வது அவரைத் தாழ்த்துவதற்கு அல்ல. யாருக்கும் வரக்கூடிய கஷ்டம். ஆறு விழுந்ததைக் கர்த்தரின் முத்திரை என்று வாசித்தவர்கள் ஏலத்தை எப்படி வாசிப்பார்கள்? கைவிட்டார் என்றா?

இங்கே வேதம் தெரிந்தவர்கள் எழுந்து, சீட்டு மடியிலே போடப்பட்டாலும் அதன் தீர்ப்பு கர்த்தரால் வரும் என்ற கருத்து நீதிமொழிகள் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நான் அதை நம்புகிறேன். ஆகானைக் கண்டுபிடித்ததும், யோனாவைக் காட்டிக் கொடுத்ததும், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் சீட்டுத்தான். பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சபை எதையும் சீட்டுப் போட்டுத் தீர்மானித்ததாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை என்பதையும் கவனியுங்கள். முடிவுகள் எல்லாம் தேவனுடைய கைக்குள் இருக்கின்றன என்று விசுவாசிப்பது ஒன்று. வந்த முடிவைப் பார்த்து, ஒரு மனிதனைப் பற்றித் தேவன் என்ன நினைக்கிறார் என்று நாம் தீர்ப்பு எழுதுவது வேறொன்று. முதலாவது விசுவாசம். இரண்டாவதைத்தான் யோபுவின் நண்பர்கள் செய்தார்கள். அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கடைசியில் கோபித்துக்கொண்டார்.

நம் ஆண்டவர் இதில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்! சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் உள்ள மற்றவர்களைவிடப் பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார். மழையும் வெயிலும் நல்லவன் வயல், கெட்டவன் வயல் என்று பார்த்து இறங்குவதில்லை என்று மலைப்பிரசங்கத்தில் போதித்தார். முடிவைப் பார்த்து மனிதனை எடை போடும் வழக்கத்தை அவர் கண்ட இடத்திலெல்லாம் முறித்தார்.

எங்கள் புளியங்கொட்டை மேசையில் இது எனக்குக் கண்ணெதிரே புரிந்தது. எங்களோடு ஆடுபவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. நாங்கள் எல்லாரும் சார் என்றே கூப்பிடுவோம். சீட்டைக் கையில் எடுத்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். நல்ல சீட்டானாலும் மோசமான சீட்டானாலும் அதே துடைப்பு. அதனால் அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியாது. ஒருநாள் மாலை அவர் கணக்காக ஆடியும், கடைசிச் சீட்டில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தார். எங்களில் இளையவன், "சார், இன்னைக்கு உங்களுக்கு நேரம் சரியில்ல" என்றான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தம்பி, நான் ஆடினதுல தப்பு இருந்தா சொல்லு, திருத்திக்கிறேன். சீட்டு வந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

அவர் சீட்டை மட்டும் நினைத்துப் பேசவில்லை என்பது எங்களில் சிலருக்குத் தெரியும். அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்தவர். இரண்டு பேரும் ஜெபித்தார்கள், சபை உபவாசம் இருந்தது, வைத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அடக்கம் முடிந்த வாரத்தில் ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், விசுவாசத்தில் எங்காவது குறைவு இருந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. சார் ஆட்டத்தில் தவறு செய்யவில்லை. அவர் மனைவியும் செய்யவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத சபை, துக்க வீட்டுக்குள் போகவே லாயக்கில்லை என்று நான் அழுத்திச் சொல்வேன்.

போக்கரை ஆழமாக ஆடுபவர்கள் இந்த ஒழுக்கத்தைப் பாடுபட்டுக் கற்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தேனா என்று கேட்பதை விட்டு, அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத் தீர்மானித்தேனா என்று கேட்கிறார்கள். தப்பாக ஆடி ஜெயித்தவன்தான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறான். அவன் தன் தப்பையே திறமை என்று எண்ணிவிடுவான். நம் ஆவிக்குரிய வாழ்விலும் இதைப் பார்க்கிறோம். லஞ்சம் கொடுத்து வேலை வாங்கினவன் ஸ்தோத்திரப் பலி செலுத்துகிறான். கொடுக்க மறுத்து வேலையை இழந்தவன், தனக்குக் கர்த்தரின் தயவு இல்லையோ என்று கலங்குகிறான்.

தீர்மானத்துக்கும் முடிவுக்கும் உள்ள இந்தப் பிரிவைக் கணக்காக எழுதத் தொடங்கியவரும் ஒரு விசுவாசிதான். பிரான்சில் பிளெய்ஸ் பாஸ்கல். சூதாட்டத்தில் பழக்கமுள்ள ஷெவாலியே த மேரே என்ற கனவான் அவரிடம் ஒரு கேள்வி கொண்டுவந்தார்: ஆட்டம் பாதியில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது? 1654-இல் பாஸ்கலும் பியேர் தெ ஃபெர்மாவும் கடிதங்களில் இதை அலசினார்கள். பாஸ்கல் காட்டிய உதாரணம் இது: இருவரும் ஆளுக்கு 32 காசு வைத்திருக்கிறார்கள், மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு எல்லாம். ஒருவர் இரண்டு ஜெயித்திருக்கிறார், மற்றவர் ஒன்று. இப்போது நிறுத்தினால் முதலாமவருக்கு 48, அடுத்தவருக்கு 16. அடுத்த ஆட்டத்தில் முதலாமவர் ஜெயித்தால் 64-ம் அவருக்கே. தோற்றாலும் இருவரும் சமமாகிவிடுவதால் 32 நிச்சயம். ஆகவே அந்த 32 போக, மீதி 32-ஐ இரண்டாகப் பிரிக்கிறார்கள். முடிவு தெரியாதபோதும் நிலைமையை நேர்மையாக மதிப்பிட முடியும் என்று அந்தக் கடிதங்கள் காட்டின. நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அதே 1654, நவம்பர் 23 இரவு. பத்தரை மணி முதல் நள்ளிரவு தாண்டி அரைமணி வரை பாஸ்கலுக்குத் தேவனுடைய சமுகம் அக்கினியாக அனுபவமாயிற்று. அதை ஒரு தாளில் குறித்து, மேலங்கியின் உட்துணிக்குள் தைத்து வைத்துக்கொண்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. 1662-இல் அவர் இறந்த பிறகு வேலைக்காரர் ஒருவர் கண்டெடுத்தார். அவருடைய புகழ்பெற்ற பந்தய வாதம் 1670-இல் 'பான்சே' நூலாக வெளிவந்த குறிப்புகளில் இருக்கிறது. அதைக் குறுக்குவழி லாபக் கணக்கு என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவு தெரிந்த பிறகு தீர்மானிக்கிறேன் என்று மனிதன் ஒதுங்கி நிற்க முடியாது, ஏற்கெனவே படகில் ஏறிவிட்டோம் என்பதே அதன் உயிர்நாடி. அவர் வாழ்வும் வியாதியிலேயே கழிந்தது; முப்பத்தொன்பது வயதில் முடிந்தது. சீட்டு அவருக்குச் சாதகமாக விழுந்தது என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது.

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வீட்டில் ஒருமுறை வாசியுங்கள். 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்குத் தப்புகிறார்கள். 37-ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்தால் மடிகிறார்கள். நடுவில் இரண்டே வசனம். இரண்டு கூட்டத்துக்கும் விசுவாசம் ஒன்றுதான், நற்சாட்சியும் ஒன்றுதான். தப்பினவர்களின் விசுவாசம் பெரிது என்று எழுதினவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாம் 34-ஐ மட்டும் காலண்டரில் அச்சடிக்கிறோம்.

இன்னொரு பாடத்தையும் சொல்லிவிடுகிறேன், இது மனந்திரும்புதலைப் பற்றியது. போக்கரில் கடினமான காரியம் விலகுவது. சீட்டு மோசம் என்று தெரிந்தும், ஏற்கெனவே இவ்வளவு போட்டுவிட்டோமே என்று இன்னும் போடுவார்கள். சூதாடிகளிடம் கேட்டால், "விட்டதைப் பிடிக்கணும்" என்பார்கள். நடுவில் போட்ட புளியங்கொட்டை இனி என்னுடையது அல்ல என்று மனம் ஒப்புக்கொள்ள எனக்கே நீண்ட நாள் பிடித்தது. எத்தனை பேர் தவறான வழி என்று தெரிந்தும், இருபது வருஷம் இதில் போட்டாயிற்றே என்று தொடர்கிறார்கள்! பவுல் தமக்கு லாபமாயிருந்ததையெல்லாம் நஷ்டமென்று எண்ணினதாகப் பிலிப்பியருக்கு எழுதினார். பரிசேயனாகப் போட்ட முதலீடு எவ்வளவு பெரியது! அதை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். கெட்ட குமாரனும் அப்படித்தான் எழுந்தான். விட்டதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்திருந்தால், பன்றிகளுக்கு நடுவிலேயே செத்திருப்பான்.

இப்போது பிரசங்க மேடைகளில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது: போக்கரில் எல்லாவற்றையும் முன்னே தள்ளுவதுபோல் இயேசுவுக்காக எல்லாவற்றையும் பந்தயம் வையுங்கள், நூறத்தனையாய் வரும் என்று பேசுவது. எனக்கு அது உறுத்துகிறது. இரண்டு காசு போட்ட விதவை திரும்பி வரும் என்று போடவில்லை. அவளுக்குத் திரும்பி வந்ததாக மாற்கு எழுதவும் இல்லை.

அப்படியானால் ஜெபிக்கலாமா, கேட்கலாமா? தாராளமாகக் கேளுங்கள். பரீட்சைக்கும் கேளுங்கள், விசாவுக்கும் கேளுங்கள், ஸ்கேன் அறிக்கைக்கும் கேளுங்கள். கெத்செமனேயில் குமாரனே கேட்டார். பாத்திரம் நீங்க வேண்டும் என்று வியர்வை இரத்தத் துளிகளாய் விழக் கேட்டார். நீங்கவில்லை. மறுநாள் சிலுவையின் அடியில் போர்ச்சேவகர் நால்வர் அவருடைய தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு விழுந்தது. அன்றைய முடிவை மட்டும் பார்த்தால், அந்த மலையில் ஜெயித்தவன் அவன்தான்.

ஆகவே நம் சபைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி நேரம் வரும்போது வேலை கிடைத்தவர்கள், குழந்தை பிறந்தவர்கள், சுகமானவர்கள் எழுந்து பேசுகிறார்கள். பேசட்டும், அவர்களோடு நாமும் சந்தோஷப்படுவோம். கேட்டது கிடைக்காமல் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதே ஒலிபெருக்கியைக் கொடுப்போம். இதோ முன்வரிசையில் இருக்கும் சாரைப் போல, கிடைக்காமலேயே ஒவ்வொரு ஞாயிறும் வருகிறவர்களைக் கூப்பிட்டு, எப்படி வருகிறீர்கள் என்று கேட்போம். வருகிற ஸ்தோத்திர ஆராதனையிலேயே இதைத் தொடங்க ஆயர் அவர்கள் அனுமதிக்க வேண்டும் என்று உங்கள் எல்லார் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.